தொங்கும் பை யாருடைய வசதிக்கு?

கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய் வந்து, பித்தநாளம் நெரிபட்டு, கண்ணும் தோலும் மஞ்சளாகி வரும் நோயாளிக்கு என்ன செய்யலாம் என்று முதுநிலை மருத்துவ மாணவர் ஒருவரைக் கேளுங்கள். மூச்சு விடாமல் ஒரு வரிசை சொல்வார். முதலில் இ.ஆர்.சி.பி.: வாய்வழியே எண்டோஸ்கோப்பை முன்சிறுகுடல் வரை இறக்கி, பித்தநாளம் குடலில் திறக்கும் வாயில் கம்பியை நுழைத்து ஸ்டென்ட் வைப்பது. அது முடியாவிட்டால் பி.டி.பி.டி.: விலா எலும்பு இடுக்கில் ஊசியை ஏற்றி, கல்லீரலைத் துளைத்து, உள்ளே விரிந்து கிடக்கும் நாளத்தில் குழாய் போட்டுப் பித்தத்தை வெளியே ஒரு பையில் வடிப்பது. அதுவும் சரிப்படாமல், கைதேர்ந்தவர் யாராவது கிடைத்தால், எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் (இ.யூ.எஸ்.) துணையோடு இரைப்பையிலிருந்தோ குடலிலிருந்தோ பித்தநாளத்துக்கு உள்ளுக்குள்ளேயே ஒரு வழி போடுவது.

இந்த வரிசையில் இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாற வேண்டும். பித்தநாளத்தின் கீழ்ப்பகுதியைப் புற்றுநோய் அடைத்திருக்கும்போது, இ.ஆர்.சி.பி. தோற்றால் அடுத்து நினைவுக்கு வர வேண்டியது இ.யூ.எஸ். வழிதான், விலா இடுக்கு ஊசி அதற்குப் பின்னால்தான். இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. அந்த மருத்துவமனையில் பழகிய கை இருக்கும் பட்சத்தில் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கம் 2022-லேயே வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. ஆனால் வழிகாட்டி ஒரு பக்கம் கிடக்கிறது, வார்டில் நடப்பது வேறாக இருக்கிறது. "பண்ணிப் பார்த்தோம்மா, ஏறல. வெளியிலிருந்து ஒரு டியூப் போட்டு விட்டுடலாம்" என்கிறார் டாக்டர். "அப்புறம் எடுத்துடுவீங்களா டாக்டர்?" என்று மகள் கேட்கிறார். அதற்கு நேரான பதில் பெரும்பாலும் வருவதில்லை.

பழைய வரிசையைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. ஒரு காலத்தில் அவர்கள் சொன்னது முழுக்கச் சரி. பித்தநாள வாயில் எண்டோஸ்கோப் வழியாகக் குழாய் நுழைக்க முடியும் என்று அமெரிக்காவில் மெக்கூன் குழுவினர் 1968-ல் காட்டினார்கள். 1974-ல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அந்த வாயை வெட்டி விரிக்கும் முறை ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தது. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதிலேயே கை பழகினார்கள். இ.யூ.எஸ். வழியாகப் பித்தநாளத்தைக் குடலோடு இணைத்ததை மார்செய் நகரத்து ஜியோவன்னினி 2001-ல்தான் முதலில் அறிவித்தார். முந்தையதற்கு முப்பது வருட அனுபவம் இருந்தபோது, பிந்தையது பிறந்த குழந்தை. அன்றைக்கு அதைக் கடைசியில் வைத்ததைக் குறை சொல்ல முடியாது.

ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் தங்கள் ஆரம்ப கால அனுபவத்தை 2012-ல் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். பித்தநாளம், கணையநாளம் இரண்டும் சேர்த்து 125 நோயாளிகள். 67.2 சதவீதம் பேருக்குத்தான் வேலை முடிந்தது, 23.2 சதவீதம் பேருக்குச் சிக்கல். இ.யூ.எஸ். வேண்டாம் என்பவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுவது இந்த மாதிரிக் கணக்குகளைத்தான். ஆனால் அதே கணக்கில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை: அந்த 125 பேரும் 19 மருத்துவமனைகளில் சிதறிக் கிடந்தவர்கள். மருத்துவமனைக்குச் சராசரியாக ஆறு ஏழு பேர். ஆறு ஏழு பேரோடு எந்த நுட்பத்துக்குத்தான் கை பழகும்? பித்தப்பையை லேப்ராஸ்கோப்பியில் எடுக்கத் தொடங்கிய புதிதில் பித்தநாளத்தையே வெட்டிவிட்ட கதைகள் எத்தனை! அதற்காக அந்த அறுவையை யாரும் கைவிடவில்லை, கற்றுக்கொண்டார்கள்.

சரி, "வெளியிலிருந்து ஊசி போடுவது பாதுகாப்பானது, பழகியது" என்ற வாதத்துக்கு வருவோம். பழகியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். யாருக்குப் பாதுகாப்பு என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

பை மாட்டியவரோடு ஒரு நாள் இருந்து பார்த்தால் தெரியும். குழாய் வலப்பக்க விலாவிலிருந்து வருகிறது. மூச்சை ஆழமாக இழுத்தால் அந்த இடத்தில் சுருக்கென்று குத்தும். ஆகவே அவர் ஆழமாக மூச்சு விடுவதை நிறுத்திவிடுகிறார். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. பையை வேட்டி மடிப்பில் செருகுவார். எழுந்து நிற்கும்போது குழாய் இழுபடாமல் இருக்க ஒரு சேஃப்டி பின். குளிக்கும்போது பிளாஸ்டிக் தாளைச் சுற்றி நாலு பக்கமும் டேப் ஒட்ட வேண்டும், அப்படியும் ஓரத்தில் நனையும். நனைந்தால் அந்த இடம் சிவக்கும், பித்தம் கசிந்தால் தோல் வெந்துபோகும். காலையில் பையைக் கழற்றி அளவுக் குவளையில் ஊற்றி, நோட்டில் எழுதி வைப்பது வீட்டில் யாராவது ஒருவர் தலையில் விழும் வேலை. பேரப்பிள்ளை மடியில் ஏற வந்தால் எல்லோரும் "ஏய், தாத்தா டியூப்!" என்று கத்துவார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பச்சை நிறத் திரவத்தை ஒரு முறை பார்ப்பார், பிறகு எழுந்து நின்றுகொள்வார்.

உடலுக்குள் நடப்பது இதைவிட மோசம். கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல், சில நேரம் ஒரு லிட்டர் வரை பித்தம் சுரக்கிறது. உணவிலுள்ள கொழுப்பைக் கரைக்கவும், ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே-யை உடல் ஏற்றுக்கொள்ளவும் அது குடலுக்குப் போயாக வேண்டும். அது அத்தனையும் பையில் விழுகிறது. கூடவே சோடியமும் பைகார்பனேட்டும் போகின்றன. ஏற்கெனவே வயிறு நிறையச் சாப்பிட முடியாத மனிதருக்கு நீர்ச்சத்து வற்றி, சிறுநீரகம் தடுமாறத் தொடங்கும். மஞ்சள் இறங்கிவிட்டது, ஆள் மட்டும் தேறவில்லையே என்று குடும்பம் குழம்பி நிற்கும்.

குழாய் சும்மா இருப்பதில்லை. அடைத்துக்கொள்ளும், நழுவும், இரவில் புரண்டு படுத்தால் வெளியே வந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கஷாப் குழுவினர் 2015-ல் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள்: இ.ஆர்.சி.பி. தோற்ற 73 பேர், அவர்களில் 51 பேருக்கு வெளி ஊசி, 22 பேருக்கு இ.யூ.எஸ். குழாயை நாளத்துக்குள் கொண்டு சேர்ப்பதில் வெளி ஊசிக்குத்தான் வெற்றி: நூற்றுக்கு நூறு. இ.யூ.எஸ்.-க்கு 86.4 தான். இந்த எண்ணை மறைக்க நான் விரும்பவில்லை. பழைய வரிசைக்காரர்களின் வலுவான ஆதாரம் இதுதான். ஆனால் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். வெளி ஊசி போட்டவர்களில் 70.6 சதவீதம் பேருக்குச் சிக்கல், இ.யூ.எஸ்.-இல் 18.2. மறுபடியும் மருத்துவமனைக்கு வந்து ஏதாவது செய்துகொள்ள வேண்டியிருந்தவர்கள் ஒரு பக்கம் 80.4 சதவீதம், மறுபக்கம் 15.7. ஊசி முதல் நாள் ஜெயித்தது, அதன் பிறகு வந்த நாட்களில் தோற்றது.

அது பழைய பதிவேடுகளைப் புரட்டி எழுதிய ஆய்வுதானே, யாருக்கு எந்த முறை என்று மருத்துவர் விருப்பப்படி முடிவெடுத்திருப்பாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குத்தான் கொரியாவில் குலுக்கல் முறையில் 66 பேரைப் பிரித்து ஒரு ஆய்வு செய்து 2016-ல் வெளியிட்டார்கள். வேலை முடிந்த விகிதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை: 94.1, 96.9. மஞ்சள் இறங்கியதும் ஏறக்குறைய சமம். சிக்கல் மட்டும் இ.யூ.எஸ்.-இல் 8.8 சதவீதம், வெளி ஊசியில் 31.2. அடுத்த வருடம் ஒன்பது ஆய்வுகளின் 483 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே திசையில்தான் விடை வந்தது. இத்தனைக்குப் பிறகும் "ஊசிதான் பாதுகாப்பு" என்று ஒருவர் சொன்னால், தன் கைக்குப் பழக்கமானதையே அவர் பாதுகாப்பு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இடையீட்டுக் கதிரியக்க நண்பர்கள் இந்த இடத்தில் கோபப்படுவார்கள். "பை என்பது தற்காலிகம்தானே? கம்பி அடைப்பைத் தாண்டிவிட்டால் நாங்களும் உள்ளேயே உலோக ஸ்டென்ட் வைத்து, குழாயை எடுத்துவிடுகிறோமே!" என்பார்கள். உண்மைதான். தேர்ந்த கதிரியக்க மருத்துவர் சில நேரம் ஒரே அமர்விலேயே அதைச் செய்துவிடுவார். ஆனால் நடைமுறையில் முதல் நாள் வடிகுழாய், சீழ் இறங்க ஒரு வாரம், பிறகு இன்னொரு அமர்வு என்று போகும். அந்த இரண்டாவது அமர்வுக்குப் பலர் திரும்பி வருவதே இல்லை. ஊர் தூரம், பணம் தீர்ந்துவிட்டது, ஆள் படுத்துவிட்டார், 'இப்போதைக்கு வடியுதே, இருக்கட்டும்' என்று விட்டுவிட்டார்கள். தற்காலிகம் என்று மாட்டிய பை அப்படித்தான் கடைசி வரை கூடவே போகிறது.

இனி, எல்லோரும் பயப்படும் அந்த இ.யூ.எஸ். அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முனையில் அல்ட்ராசவுண்ட் கருவி பொருத்திய எண்டோஸ்கோப் இரைப்பையைக் கடந்து முன்சிறுகுடலின் தொடக்கத்தில் நிற்கிறது. அங்கே குடல் சுவரை ஒட்டியே பித்தநாளம் ஓடுகிறது. திரையில் அது கறுப்புப் பட்டையாகத் தெரியும். அடைப்பினால் வீங்கி 12, 15 மில்லிமீட்டர் அகலமோ அதற்கு மேலோ ஆகியிருக்கும். மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் குடித்து ஒரு மாதம் ஓட்டிவிட்டு வருகிறவர்கள் நம் ஊரில் இன்னும் குறையவில்லை. அப்படிப் பிந்தி வருபவர்களுக்கு நாளம் நன்றாகவே விரிந்திருக்கும், இந்த முறைக்கு அது தோதாக அமைவது ஒரு கசப்பான வேடிக்கை. மருத்துவர் டாப்ளரைப் போடுகிறார். ஊசி போகும் பாதையில் ரத்தக்குழாய் இருந்தால் திரையில் சிவப்பும் நீலமுமாக மின்னும். மின்னினால் முனையைச் சற்றுத் திருப்பி வேறு பாதை பார்ப்பார். வெளியிலிருந்து ஊசி போடுபவருக்கும் அல்ட்ராசவுண்ட் உண்டு. ஆனால் அவர் வயிற்றுச் சுவரையும் கல்லீரலையும் தாண்டித்தான் பார்த்தாக வேண்டும். இங்கே கண்ணுக்கும் நாளத்துக்கும் நடுவே குடல் சுவர் ஒன்றுதான்.

பழைய முறையில் 19 கேஜ் ஊசியால் குத்தி, பித்தத்தை உறிஞ்சிப் பார்த்து, சாயம் ஏற்றி, கம்பியை விட்டு, பாதையை விரித்து, பிறகு ஸ்டென்ட். ஒவ்வொரு படியிலும் கருவியை மாற்றும்போது கொஞ்சம் பித்தம் வயிற்றுக்குள் கசியும். அந்தக் கசிவுதான் ஆரம்ப காலச் சிக்கல்கள் பலவற்றுக்குக் காரணம். இப்போது முனையில் மின்சூடு உள்ள ஸ்டென்ட் வந்துவிட்டது. உடுக்கை போல நடுவில் ஒடுங்கி இரண்டு பக்கமும் அகன்றது. மின்சாரத்தை அழுத்தியதும் குழாய் குடல் சுவரையும் நாளச் சுவரையும் ஒரே மூச்சில் கடந்து உள்ளே போகிறது. ஒரு பக்கத்து அகலம் நாளத்துக்குள் விரிகிறது. லேசாகப் பின்னால் இழுத்தால் இரண்டு சுவரும் ஒட்டிக்கொள்கின்றன. மறுபக்கம் குடலுக்குள் விரிகிறது. அடுத்த நொடி, வாரக்கணக்கில் தேங்கிக் கிடந்த கரும்பச்சைப் பித்தம் திரை முழுக்கக் கொட்டும். அறையில் இருப்பவர்கள் அப்போதுதான் பேசத் தொடங்குவார்கள்.

"இல்லாத ஓட்டையை ஏன் போட வேண்டும்?" என்று ஒரு மூத்த அறுவை மருத்துவர் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. விலா இடுக்கில் போடுவதும் இல்லாத ஓட்டைதானே, ஐயா! அது தோல், தசை, கல்லீரல் உறை, கல்லீரல் திசு என்று நாலு அடுக்கைத் துளைக்கிறது, அதோடு துளை வெளியுலகுக்குத் திறந்தே கிடக்கிறது. அறுவை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகப் பித்தநாளத்தைக் குடலோடு தைத்து வருகிறார்கள். இங்கே தையலுக்குப் பதில் ஸ்டென்ட். இடம் அதேதான்.

இரைப்பையிலிருந்து கல்லீரலின் இடது பகுதி நாளத்துக்குப் போடும் வழியைப் பற்றி இவ்வளவு நிம்மதியாக நான் எழுத மாட்டேன். குடலில் கட்டி வளர்ந்து எண்டோஸ்கோப் இறங்கவே இடமில்லாதபோதும், முன்பே இரைப்பை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் அந்த வழி தேவைப்படுகிறது. ஆனால் இரைப்பையும் கல்லீரலும் ஒட்டியிருக்கும் உறுப்புகள் இல்லை. மூச்சு விடும்போது ஒன்று ஒரு பக்கம் போகும், மற்றது இன்னொரு பக்கம் போகும். ஸ்டென்ட் நழுவி இரண்டுக்கும் நடுவே விழுந்தால் பித்தம் வயிற்றறைக்குள் கொட்டும். அப்படி உயிர் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. நீளமான, பாதி மட்டும் உறையிட்ட ஸ்டென்ட் வந்தபின் இது குறைந்திருக்கிறது, ஒழிந்துவிடவில்லை. இதைச் செய்பவர் நிறையச் செய்தவராக இருக்க வேண்டும். இந்த ஒரு கிளைக்குப் பொருந்தும் பயத்தை முழு மரத்துக்கும் பூசுவதுதான் தப்பு.

இருப்பதிலேயே மென்மையான முறை ஒன்றும் உண்டு. பெயர் ராந்தேவூ. ஊசி வழியே கம்பியை மட்டும் நாளத்துக்குள் விட்டு, அடைப்பைத் தாண்டிக் குடலில் எட்டிப் பார்க்க வைத்து, பிறகு வழக்கமான இ.ஆர்.சி.பி. எண்டோஸ்கோப்பால் அந்தக் கம்பியைப் பிடித்து ஸ்டென்ட் ஏற்றுவது. புதிய வழி எதுவும் நிரந்தரமாகத் தங்காது. இதை மேல்நாட்டு ஆடம்பரம் என்று ஒதுக்குபவர்களுக்காகச் சொல்கிறேன்: மும்பையில் வினய் திர், அமித் மாய்தேவ் குழுவினர் 2012-லேயே 58 நோயாளிகளிடம் இதைச் செய்து 57 பேரிடம் வெற்றி கண்டதாக வெளியிட்டார்கள். அதே மையத்தில் முன்பு பித்தநாள வாயைக் கத்தியால் கீறித் திறந்த 144 பேரில் வெற்றி 130. பழைய பதிவோடு ஒப்பிட்டதால் ஆதாரம் இரும்பு மாதிரி உறுதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் இது நம் நாட்டுக் கை, நம் நாட்டு நோயாளி.

அடுத்தது பணம். மின்சூடு முனை உடுக்கை ஸ்டென்ட் விலை இந்தியாவில் லட்ச ரூபாய்க் கணக்கில் வரும் என்பதை மறுக்கவில்லை. நடுத்தரக் குடும்பத்துக்கே அது இடி. ஆனால் அந்த ஸ்டென்ட் இல்லாமல் இந்தச் சிகிச்சை இல்லை என்று யார் சொன்னது? ஜியோவன்னினி 2001-ல் வைத்தது சாதாரண பிளாஸ்டிக் ஸ்டென்ட். இ.ஆர்.சி.பி.யில் தினமும் வைக்கும் உறையிட்ட உலோக ஸ்டென்டை வைத்தே குடல் வழியும் இரைப்பை வழியும் இன்றும் செய்கிறார்கள். கொரியாவில் மேலே சொன்ன ஆய்வு நடந்ததும் உடுக்கை ஸ்டென்ட் இல்லாமல்தான். இ.யூ.எஸ். கருவி வாங்கும் செலவைச் சொல்கிறார்கள். கட்டியில் ஊசி விட்டுத் திசு எடுக்க அந்தக் கருவி பெரிய ஊர் மையங்களில் ஏற்கெனவே இருக்கிறது, அதே கருவிதான் இதற்கும்.

வெளி ஊசியின் செலவை யாரும் முழுதாகக் கூட்டுவதில்லை என்பது என் பெரிய குறை. முதல் பில்லில் அது மலிவு. அதற்குப் பிறகு குழாய் மாற்ற, அடைப்பு நீக்க, காய்ச்சல் வந்தால் படுக்க வைக்க, ஒவ்வொரு முறையும் கார் வாடகை, கூட வரும் மகனின் சம்பளப் பிடித்தம். கஷாப் ஆய்வில் மொத்தக் கட்டணம் வெளி ஊசிக்காரர்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேலே போனது, காரணம் இந்த மறு வருகைகள்தான். அமெரிக்கக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் மறு வருகைக்கு இங்கே மட்டும் யாரும் காசு வாங்காமல் விடுவதில்லை.

"செய்ய ஆள் எங்கே?" இதுதான் கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் இடம், இதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் ஆள் ஏன் இல்லை என்பதற்கு அந்த வரிசையே ஒரு காரணம். ஒரு முறையைக் கடைசியில் வைத்தால் என்ன ஆகும்? இ.ஆர்.சி.பி. இரண்டு தடவை தோற்று, வெளி ஊசியும் நழுவி, சீழ் ரத்தத்தில் ஏறி, பிளேட்லெட் விழுந்த நிலையில்தான் நோயாளி இ.யூ.எஸ். அறைக்கு வருவார். வருடத்துக்கு மூன்று பேர் அப்படி வருவார்கள். அந்த மூன்று பேரிடமும் கை நடுங்கும், முடிவும் நன்றாக இராது. பிறகு துறைக் கூட்டத்தில் "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னோமே" என்பார்கள். ஸ்பெயின் கணக்கு சொன்னதும் இதைத்தான். நாளம் நன்றாக விரிந்த, காய்ச்சல் இல்லாத, எளிய நோயாளியிடம் கை பழகாமல் சிக்கலான நோயாளியிடம் யாரும் தேர்ந்துவிட முடியாது. கடைசி வழி என்று பெயர் வைத்து, அந்தப் பெயருக்கு ஏற்ற முடிவுகளையும் நாமே உண்டாக்கிக்கொண்டிருக்கிறோம்.

எதிர்க்கரையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. இ.ஆர்.சி.பி.யையே விட்டுவிட்டு எடுத்த எடுப்பில் இ.யூ.எஸ். செய்ய வேண்டும் என்பவர்கள். 2018-ல் கொரியாவிலிருந்து 125 பேர் ஆய்வு வந்ததும் இவர்கள் உற்சாகம் கூடிவிட்டது. பித்தநாள வாயைத் தொடாததால் இ.யூ.எஸ். பக்கம் கணைய அழற்சி ஒருவருக்கும் இல்லை, இ.ஆர்.சி.பி. பக்கம் 14.8 சதவீதம். கவர்ச்சியான எண்தான். பிறகு 2023-ல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஹாங்காங்கின் டியோ தலைமையில் பல நாடுகளில் 155 பேர்: ஒரு வருடம் ஸ்டென்ட் அடைபடாமல் இருந்தது 91.1 சதவீதமும் 88.1 சதவீதமும், அதாவது வித்தியாசம் இல்லை. கனடாவை மையமாகக் கொண்டு 144 பேர்: ஸ்டென்ட் கோளாறு 9.6-உம் 9.9-உம். இ.யூ.எஸ். சீக்கிரம் முடிகிறது, அவ்வளவுதான். நெதர்லாந்தில் 22 பேரிடம் செய்த சிறு முன்னோடி ஆய்விலோ பாதிப் பேருக்கு உடுக்கை ஸ்டென்ட் மக்கர் செய்தது. உணவுத் துணுக்கு ஏறி அடைக்கிறது, குடல் அடைபட்டால் எதிர்த்து ஓடுகிறது. இ.ஆர்.சி.பி. சுலபமாக ஏறும் இடத்தில் அதை ஒதுக்க எந்தக் காரணமும் இல்லை. நான் பேசுவது அது ஏறாத, நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேரைப் பற்றி.

மஞ்சளைக் கண்டதும் வடித்தே தீர வேண்டும் என்ற அவசரத்தையும் இங்கே ஒரு வரியில் தட்டி வைக்கிறேன். அறுவைக்குத் தகுதியானவரை, பிலிருபின் எல்லை மீறிப் போகாத நிலையில், முதலில் வடித்துவிட்டு அறுப்பதைவிட நேராக அறுப்பதே மேல் என்று டச்சு மருத்துவர்கள் 202 பேரிடம் ஆராய்ந்து 2010-ல் காட்டினார்கள். கடுமையான சிக்கல் நேராக அறுத்தவர்களுக்கு 39 சதவீதம், வடித்துவிட்டு அறுத்தவர்களுக்கு 74. அவர்களுக்கு எந்த வழியும் வேண்டாம், அறுவை தேதிதான் வேண்டும்.

வெளி ஊசிக்கு நான் எழவு பாடவில்லை. இரண்டு நாளங்களும் பிரியும் மேல்பகுதியில் அடைப்பு இருந்தால் பல நேரம் அதுதான் சரி. கங்கைச் சமவெளியில் அதிகம் காணும் பித்தப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் அந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. அங்கே வலது பக்கம், இடது பக்கம் என்று தனித்தனியாக வடிக்க வேண்டிவரும். நள்ளிரவில் நடுக்கக் காய்ச்சலோடு ரத்த அழுத்தம் விழுந்து வரும் நோயாளிக்கு, அந்த ஊரில் கதிரியக்க மருத்துவர் ஒருவர்தான் இருக்கிறார் என்றால், அவர் போடும் ஊசி உயிர் காக்கும். அப்போது இ.யூ.எஸ். மேன்மையைப் பற்றி நான் பிரசங்கம் செய்தால் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் அடியில், வாய்விட்டுச் சொல்லாத ஒரு எண்ணம் இருக்கிறது. "எப்படியும் சில மாதம்தானே, பையோடு இருந்துவிட்டுப் போகட்டும்." சில மாதம் என்பதாலேயே எனக்கு இது பொறுக்க முடியாத எண்ணமாகத் தெரிகிறது. மிச்சமிருக்கும் நாட்களில் எத்தனை நாள் ஓ.பி. வரிசையில் போகிறது என்பது, நாள் குறைந்தவருக்குத்தான் பெரிய கணக்கு. கீமோ கொடுக்க வேண்டுமென்றாலும் மஞ்சள் இறங்கியாக வேண்டும். ஃபோல்ஃபிரினாக்ஸ் கலவையில் உள்ள இரினோடீகனை பிலிருபின் ஏறிய உடம்பில் ஏற்றப் புற்றுநோய் மருத்துவர் துணிய மாட்டார். குழாய் வாயில் சீழ் வைத்தால் கீமோ இன்னும் தள்ளிப்போகும்.

அந்தச் சில மாதத்துக்குச் சொந்தக்காரரை யாராவது கேட்டார்களா? பல நாடுகளில் உள்ள ஏழு பெரிய மருத்துவமனைகளில் 327 நோயாளிகளிடம் இரண்டு முறைகளையும் விளக்கி, இ.ஆர்.சி.பி. தோற்றால் எது வேண்டும் என்று கேட்டு 2018-ல் எழுதினார்கள். பதில் சொன்னவர்களில் 80.2 சதவீதம் பேர் உள்ளேயே வடியும் வழியைக் கேட்டார்கள். நம் ஊரில் அந்தக் கேள்வியே எழுவதில்லை, ஏனென்றால் இரண்டாவது முறை ஒன்று இருப்பதாகவே சொல்வதில்லை. இ.ஆர்.சி.பி. செய்பவர் குடல் துறை, ஊசி போடுபவர் கதிரியக்கத் துறை. நடுவில் ஒரு கடிதம் போகிறது. பக்கத்து ஊர் மருத்துவமனைக்கு அனுப்பினால் நோயாளி திரும்பி வர மாட்டார் என்ற கவலை, எழுதாத காரணமாக அந்தக் கடிதத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இ.ஆர்.சி.பி.க்கு முன் கையெழுத்து வாங்கும் படிவத்தில் ஒரு வரி கூட்டினால் இதில் பாதி தீரும். 'இந்த முயற்சி பலிக்காவிட்டால் அடுத்து என்ன' என்ற வரி. அதைக் கேட்க வேண்டிய நேரம் மயக்க ஊசிக்கு முன்னால்தான். இரண்டு திறமையும் உள்ள இடத்தில் அதே மேஜையில், அதே மயக்கத்தில், எண்டோஸ்கோப்பை மாற்றி அரை மணியில் வேலையை முடித்துவிடலாம். ஆள் இல்லாத இடத்தில், இல்லை என்பதை அந்த வரிக்குக் கீழே எழுதி, எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து, ஸ்கேன் பிரதியோடு மகள் கையில் கொடுக்கலாம்.